‘இருப்பினும்’ என்ற சொல்லை நாம் வரவேற்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அரசாங்கப் பாடசாலை ஆசிரியர்கள் மதச் சின்னம் அணியக்கூடாது என்று விதிக்கும் சட்டத்தை ஆதரித்துத் தங்கள் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அண்மையில் வெளிவந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். போன நாட்டின் வழக்கத்துக்கு அமையத்தானே நடக்க வேண்டும், பிடிக்காதவர்கள் வேறு மாகாணத்துக்குப் போகலாமே என்பது முதற் கடிதத்தின் சாரம். தன் மொழியையும் பண்பாட்டையும் காப்பதற்கு நீதிமன்றங்களையே ஒதுக்கிவைக்கும் வல்லமை கியூபெக்குக்கு இருக்கிறது, அப்படியோர் அதிகாரம் வடக்குக் கிழக்குக்குக் கிடைத்திருந்தால் நாம் இன்று இந்த நிலையில் இருப்போமா என்று கேட்கிறது இரண்டாவது. எழுதிய இருவரும் கொழும்பில் வாழும் தமிழர்கள். அவர்களுடைய ஆதங்கம் எனக்கு விளங்காததல்ல. ஆனால், அவர்கள் மெச்சுகின்ற அந்தச் சட்ட ஆயுதம் எப்படிப்பட்டது என்பதை நம் வீடுகளே பட்டறிந்திருக்கின்றன என்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்று கவலைப்படுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் அரச சேவையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன். சட்டமூலங்களைத் தமிழாக்கும்போது ஆங்கிலத்தில் ‘நொட்வித்ஸ்டாண்டிங்’ என்று வரும் இடங்களில் நாங்கள் ‘எது எவ்வாறிருப்பினும்’ என்றோ ‘முரணாக இருப்பினும்’ என்றோ எழுதுவோம். எனக்குத் தொழில் பழக்கிய மூத்த உத்தியோகத்தர், அந்தச் சொல்லைக் கண்டவுடன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதை ஒதுக்கித் தள்ளுவதற்காக அது அங்கே வந்து நிற்கிறது என்று முதலில் பார் என்று சொல்வார். அந்தப் பழக்கம் இன்றும் போகவில்லை.

கனடாவின் உரிமைகள் சாசனம் 1982 ஏப்ரல் 17 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் 33 ஆவது பிரிவின் உயிர் இந்தச் சொல்லில்தான் இருக்கிறது. மத்திய பாராளுமன்றமோ ஒரு மாகாண சட்டமன்றமோ தான் இயற்றும் சட்டம் சாசனத்தின் 2 ஆவது பிரிவுக்கும் 7 முதல் 15 வரையான பிரிவுகளுக்கும் முரணாக இருப்பினும் செல்லும் என்று அந்தச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிவிட்டால், அந்தப் பிரிவுகளைக் காட்டி நீதிமன்றம் அதனை நிறுத்த முடியாது. மதச் சுதந்திரம், கருத்துச் சுதந்திரம், கைதுசெய்யப்பட்டவருக்குள்ள பாதுகாப்புகள், சட்டத்தின்முன் சமத்துவம் ஆகிய எல்லாம் அந்தப் பிரிவுகளுக்குள்தான் வருகின்றன. அந்தப் பிரகடனம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். பின்னர் அதனைப் புதுப்பிக்கலாம், எத்தனை தடவை என்ற வரையறை இல்லை. வாக்குரிமை, சிறுபான்மை மொழிக் கல்வி உரிமை போன்ற வேறு சில உரிமைகளை அது தொட முடியாது. 1981 நவம்பரில் பிரதமர் பியர் ட்ரூடோவும் மாகாண முதல்வர்களும் இழுபறிப்பட்டு உடன்பாட்டுக்கு வந்தபோது கொடுக்கப்பட்ட விலை இது. அந்த உடன்பாட்டில் கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் சேரவில்லை என்பதும், பிற்காலத்தில் அந்தப் பிரிவை மிகுதியாக எடுத்தாண்டது கியூபெக்தான் என்பதும் கவனிக்கத்தக்கவை.

கியூபெக் மக்களின் அச்சம் வெறுங்கற்பனை என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசும் ஒரு கண்டத்தின் நடுவே பிரெஞ்சு மொழி தேய்ந்துபோகும் என்ற பயம் நியாயமானது. தங்கள் சொந்த நகரமான மொன்றியலிலேயே மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசித்தான் பிழைக்க வேண்டும் என்றிருந்த தலைமுறையின் காயம் அது. 1977 இல் வந்த 101 ஆம் சட்டம் பிரெஞ்சு மொழியை வேலைத்தலத்திலும் பாடசாலையிலும் நிலைநிறுத்தியது. ஒரு தமிழனாக அந்த நோக்கத்தை நான் மதிக்கிறேன். மொழியைக் காக்கும் சட்டம் எந்த இடத்தில் இன்னொருவனுடைய வாயை மூடும் சட்டமாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. கடைப் பெயர்ப்பலகைகள் பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி கருத்துச் சுதந்திரத்துக்கு முரணானது என்று கனடிய உயர் நீதிமன்றம் 1988 டிசம்பரில் தீர்ப்பளித்தபோது, முதல்வர் ரொபேர் பூராசா சில நாட்களுக்குள்ளேயே 33 ஆவது பிரிவைப் பயன்படுத்திக் கடைக்கு வெளியே பிரெஞ்சு மட்டும் என்ற விதியைத் திரும்பவும் கொண்டுவந்தார். மரணச் சடங்குச் சேவை நடத்திவந்த ஓர் ஆங்கில மொழிக்காரர் தன் பலகையை அகற்றுமாறு பணிக்கப்பட்டு, வேறு இருவரோடு ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் போனார். ஓர் அரசு தன் உத்தியோகபூர்வ மொழியைத் தெரிவுசெய்து கொள்ளலாம், ஆனால் அரச வாழ்வுக்கு வெளியே ஒருவர் தான் விரும்பிய மொழியில் தன்னை வெளிப்படுத்துவதைத் தடுக்க முடியாது என்று அந்தக் குழு 1993 இல் கூறியது. அதே ஆண்டில் கியூபெக் அந்த விதியைத் தளர்த்தி, பிரெஞ்சு மேலோங்கித் தெரியும்வரை வேறு மொழியும் இருக்கலாம் என்றது. பிரெஞ்சு மொழி அதனால் அழிந்துவிடவில்லை. தமிழ் எழுத்தின்மேல் தார் பூசப்பட்ட காலத்தைப் பார்த்த கொழும்பு வாசிக்கு இந்தக் கதையில் யார் பக்கம் நிற்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இங்கே என் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் எழுதுவினைஞர். சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தபின் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்ற நிலை வந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு விறாந்தையில், நான் என் வீட்டுப்பாடத்தைச் செய்துகொண்டிருக்கும் அதே மேசையில், நாற்பது வயதைக் கடந்த அவர் பாலபோதினிப் பிள்ளையைப் போலச் சிங்கள எழுத்துகளை நான்கு கோட்டுக் கொப்பியில் வரைந்து பழகுவார். அவருடைய ஆங்கிலக் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அந்தச் சிங்கள எழுத்துகளோ கோட்டைத் தாண்டி உருண்டு போகும். இரண்டு தடவை தோற்றிச் சித்தியடையாமல், மூன்றாம் தடவை விண்ணப்பமே போடாமல் விட்டார். சம்பள ஏற்றம் நின்ற அந்த மாதத்திலிருந்து வீட்டில் பத்திரிகை வாங்குவதும் நின்றது; பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித்தான் கோடீஸ்வரன் வழக்கைத் தொடர்ந்து படித்தார்.

அந்த வழக்கை இளைய வாசகர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். சுதந்திரம் பெற்றபோது நமக்கிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆவது பிரிவு, ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மற்றவர்களுக்கு இல்லாத இடையூறு எதையும் பாராளுமன்றம் சட்டத்தால் விதிக்கக்கூடாது என்றது. தமிழ் எழுதுவினைஞரான கோடீஸ்வரன் சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்துச் சம்பள ஏற்றத்தை இழந்து, அந்த 29 ஆவது பிரிவைக் காட்டி வழக்காடினார். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்குத் தொடர முடியாது என்ற காரணத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் 1967 இல் அதை மாற்றியது. 1969 டிசம்பரில் அன்று நமக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) அந்தக் காரணம் பிழை என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற உயிரான கேள்வியைத் தீர்மானிக்குமாறு வழக்கை இங்கே திருப்பியனுப்பியது. அந்தக் கேள்விக்கு விடை வரவேயில்லை. கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் 29 ஆவது பிரிவே இல்லாமற்போனது. பெரும்பான்மைக்குத் தடையாக இருந்த வாசகத்தைப் பெரும்பான்மையே அகற்றிக்கொண்டது. என் தகப்பனார் அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார்.

கியூபெக் சட்டமன்றம் மதச் சின்னங்களைத் தடுக்கும் அந்த 21 ஆம் சட்டத்தை 2019 ஜூன் 16 ஆம் திகதி நிறைவேற்றியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த இரவுதான். பிரான்சுவா லெகோ தலைமையிலான அரசாங்கம், நீதிமன்றம் ஏதாவது சொல்லும்வரை காத்திருக்காமல், சட்டத்துக்குள்ளேயே முற்கூட்டி 33 ஆவது பிரிவைப் பதித்துவைத்தது. ஆசிரியர், பொலிஸ் உத்தியோகத்தர், அரச வழக்குத்தொடுநர், சிறைக்காவலர் முதலானோர் கடமையின்போது மதச் சின்னம் அணியக்கூடாது. ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் அதே பதவியில் தொடரும்வரை விலக்குண்டு. சட்டமன்ற மண்டபத்தில் 1936 முதல் தொங்கிக்கொண்டிருந்த சிலுவையும் அதே கோடையில் கழற்றப்பட்டது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். திருச்சபையின் பிடியிலிருந்து விடுபட்ட சமுதாயம் மதத்தை அரசிலிருந்து ஒதுக்கிவைக்க விரும்புவதில் ஒரு வரலாற்று நியாயமும் இருக்கிறது. ஆனால் சுவரிலிருந்து சிலுவையைக் கழற்றுவதும் ஒரு பெண்ணின் தலையிலிருந்து முக்காட்டைக் கழற்றச் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது அரசின் சுவர். பின்னது அவளுடைய உடல்.

என் தங்கையின் மகள் மொன்றியலில் பிறந்து, 101 ஆம் சட்டத்தின்படி பிரெஞ்சுப் பாடசாலையில் படித்து, இன்று அரசாங்க ஆரம்பப் பாடசாலை ஒன்றில் பிரெஞ்சிலேயே கற்பிக்கிறாள். முதற் கடிதக்காரர் கேட்கும் அந்த ‘வழக்கத்துக்கு அமைய’ வளர்ந்த பிள்ளை அவள். அவள் கழுத்துச் சங்கிலியில் அவளுடைய அம்மம்மா கொடுத்த ஒற்றை உருத்திராட்ச மணி இருக்கும். சட்டம் மதச் சின்னத்துக்குத் தரும் வரைவிலக்கணம் ஆடை, ஆபரணம், அணிகலன், தலையணி எல்லாவற்றையும் உள்ளடக்குகிறது. பெரியதா சிறியதா, வெளியே தெரிகிறதா இல்லையா என்ற வேறுபாடு அதில் இல்லை. ஆகவே அவள் ஒவ்வொரு நாட்காலையிலும் பாடசாலை வாகனத் தரிப்பிடத்தில் காரை நிறுத்தியபின், சங்கிலியைக் கழற்றிச் சில்லறைக் காசு போடும் குழிக்குள் வைத்துவிட்டு, நெற்றித் திருநீற்றையும் கண்ணாடியைப் பார்த்துத் துடைத்துக்கொண்டு இறங்குகிறாள். திருநீறு சின்னமா என்று அவள் அதிபரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் எழுத்தில் வந்துவிடும் என்ற பயம். அவளோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த மொரோக்கோ வழிவந்த தோழி முக்காட்டைக் கழற்ற மனமில்லாமல் அயல் மாகாணமான ஒன்ராறியோவில் உள்ள ஒட்டாவாவுக்குப் போய்விட்டாள். கியூபெக்கின் செல்சி என்ற சிற்றூரில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஒருவர் முக்காடு அணிந்திருந்ததற்காக 2021 டிசம்பரில் வகுப்பறையிலிருந்து அகற்றப்பட்ட செய்தியைப் பல வாசகர்கள் அறிந்திருப்பீர்கள்.

நீதிமன்றங்கள் என்ன செய்தன என்று கேட்கலாம். கியூபெக் மேல் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இந்தச் சட்டம் சிறுபான்மையினருக்கு, குறிப்பாக முஸ்லிம் பெண்களுக்கு, ஏற்படுத்தும் பாதிப்பை விரிவாக ஏற்றுக்கொண்டும், 33 ஆவது பிரிவு குறுக்கே நிற்பதால் சட்டத்தின் பெரும்பகுதியை அப்படியே விட்டது. ஆங்கிலப் பாடசாலைச் சபைகளுக்கு விலக்களித்தது. காரணம், சிறுபான்மை மொழிக் கல்வி உரிமையை 33 ஆவது பிரிவு தொட முடியாது. அந்த விலக்கையும் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் நீக்கிவிட்டது. அதே ஆண்டில் சட்டமன்றம் அந்தப் பிரகடனத்தை இன்னும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தது. மேன்முறையீட்டை விசாரிக்கக் கனடிய உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் இணங்கியது. 33 ஆவது பிரிவைப் பயன்படுத்துவதற்கு ஓர் எல்லை வகுக்குமாறு மத்திய அரசாங்கம் அந்த வழக்கில் கேட்டிருக்கிறது, பல மாகாண அரசாங்கங்கள் அதை எதிர்க்கின்றன. ஒரு நீதிபதி பாதிப்பைக் கண்ணால் கண்டு, எழுத்திலும் எழுதிவிட்டு, ஆனாலும் தன் கை கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்ல நேர்வதை விடப் பாதிக்கப்பட்டவருக்கு வேறென்ன கொடுமை இருக்கிறது?

மக்கள் தெரிவுசெய்த மன்றத்துக்கே இறுதிச் சொல் இருக்க வேண்டும், பிடிக்காவிட்டால் ஐந்து ஆண்டில் தேர்தல் வரும்தானே என்பது 33 ஆவது பிரிவை ஆதரிப்போரின் வாதம். சாதாரண அரசியல் விடயங்களுக்கு இது பொருந்தும். ஆனால் பெரும்பான்மை விரும்பி இயற்றிய சட்டத்தைச் சிறுபான்மை தேர்தலில் எப்படித் தோற்கடிக்கும்? 1956 இலும் மக்களின் தீர்ப்புத்தான் வந்தது. 1970 இலும் மக்களின் தீர்ப்புத்தான் வந்தது. எண்ணிக்கையால் ஒருபோதும் வெல்ல முடியாதவனுக்காகத்தான் சாசனம் எழுதப்படுகிறது.

எண்ணிக்கை இருப்பவர்கள் தப்பிக்கொள்வார்கள் என்பதற்கும் கனடாவிலேயே உதாரணம் உண்டு. 2022 நவம்பரில் ஒன்ராறியோ அரசாங்கம் ஏறத்தாழ 55,000 பாடசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க 33 ஆவது பிரிவோடு ஒரு சட்டத்தை அவசரமாக நிறைவேற்றியது. ஸ்காபரோவில் பாடசாலைத் துப்புரவுப் பணியாளராக இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பி, தடையை மீறித் தெருவில் நின்றவர்களில் ஒருவர். மற்றத் தொழிற்சங்கங்களும் திரண்டதால் முதல்வர் டக் ஃபோர்ட் சில நாட்களில் இறங்கிவந்தார். சட்டம் இரத்துச் செய்யப்பட்டது. ஆனால் எண்ணிக்கையும் எப்போதும் காப்பாற்றுவதில்லை: மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஒக்டோபரில், அல்பேர்ட்டாவில் ஏறத்தாழ 51,000 ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் அதே பிரிவைக் கொண்டு முடித்துவைக்கப்பட்டது. இங்கே 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் 40,000 க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்த நாட்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். சஸ்காச்சுவானில் 16 வயதுக்குக் குறைந்த மாணவர் பாலின அடையாளம் தொடர்பாகப் பாடசாலையில் தம் பெயரையோ (அவன், அவள் போன்ற) சுட்டுப் பெயரையோ மாற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்ற விதியை நீதிமன்றம் இடைநிறுத்தியவுடன், 2023 ஒக்டோபரில் அதே பிரிவின் துணையோடு அதனைச் சட்டமாக்கினார்கள். அந்த விடயத்தில் நம் வாசகர்கள் பலர் பெற்றோர் பக்கம் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனத்திலும் தயக்கங்கள் உண்டு. ஆனால் அந்தச் சின்னஞ்சிறு கூட்டத்துப் பிள்ளைகளின் வழக்கைக் கேட்பதற்கு முன்பே கதவை அடைத்ததை என்னால் சரியென்று சொல்ல முடியாது.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். நமது தற்போதைய அரசியலமைப்பின் 16 ஆவது உறுப்புரை, அது நடைமுறைக்கு வந்தபோது இருந்த சட்டங்கள் அனைத்தும் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருப்பினும் வலிதானவை என்று சொல்கிறது. கனடாவின் பிரிவுக்காவது ஐந்து ஆண்டு ஆயுள். நம்முடையதற்கு முடிவுத் திகதியே இல்லை. இதனால் யாருக்கு இழப்பு என்று தெரிய வேண்டுமா? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட என் அக்கா, 40 ஆண்டுகள் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், தன் பெயரில் உள்ள காணியை விற்க நொத்தாரிசிடம் போனபோது, கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று உறுதியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அத்தான் 18 ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கிறார். கடிதத் தொடர்பும் இல்லை. சம்மதம் கிடைக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி பெற வேண்டும். 12 ஆவது உறுப்புரை சமத்துவத்தைத் தருகிறது. 16 ஆவது உறுப்புரை அதை அக்காவின் நொத்தாரிசு அலுவலக வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

முக்காட்டைப் பற்றியும் நாம் சுத்தமான கையோடு பேச முடியாது. 2018 ஏப்ரலில் திருகோணமலையில் ஓர் இந்துப் பெண்கள் பாடசாலையின் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரக்கூடாது என்று நம்மவர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். பாடசாலையின் மரபு என்பதே அவர்கள் சொன்ன காரணம். கியூபெக் அரசாங்கமும் ஏறக்குறைய இதே காரணத்தையே சொல்கிறது. வடக்குக் கிழக்குக்குக் கியூபெக்கின் அதிகாரம் கிடைத்திருந்தால் என்று இரண்டாவது கடிதக்காரர் கேட்டாரே, அந்த அதிகாரத்தோடு 33 ஆவது பிரிவும் கிடைத்திருந்தால் அந்த ஆசிரியைகளின் கதி என்னவாகியிருக்கும் என்று அவரை நான் பணிவோடு கேட்கிறேன். மாகாணத்துக்கு மொழியில், காணியில், கல்வியில், பொலிஸில் முழுமையான அதிகாரம் வேண்டும் என்பதில் நான் அவரைவிட ஓர் அங்குலமும் பின்னிற்கவில்லை. ஆனால் அந்த மாகாணத்துக்குள் சிறுபான்மையாக இருக்கப்போகும் முஸ்லிமுக்கும் சிங்களவருக்கும் மலையகத் தமிழருக்கும் கைவைக்க முடியாத உரிமைகள் இருக்க வேண்டும். புதிய அரசியலமைப்பைப் பற்றிய பேச்சு மறுபடியும் எழுந்திருக்கும் இந்த நேரத்தில், 16 ஆவது உறுப்புரையை நீக்குமாறும், அதன் இடத்தில் எந்த வடிவத்திலும் ஒரு ‘இருப்பினும்’ வாசகம் நுழையாமல் பார்த்துக்கொள்ளுமாறும் நமது பிரதிநிதிகள் கேட்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. கனடிய சாசனத்தின் 33 ஆவது பிரிவு, சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆவது பிரிவு, நமது 16 ஆவது உறுப்புரை ஆகிய மூன்று வாசகங்களையும் ஒரே பக்கத்தில் தமிழில் அருகருகே பிரசுரித்து உதவ வேண்டும். மொத்தமும் அரைப் பக்கத்தைத் தாண்டாது. இடம் ஒதுக்குவீர்களானால், முதல் இரண்டையும் ஊதியம் எதுவுமின்றி ஒரு வாரத்துக்குள் மொழிபெயர்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரச மொழிபெயர்ப்பாளர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.